இரண்டு பிரதிகள் என்னிடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் நூல் அறிமுகப் பகுதியின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு பெட்டிக் குறிப்பு வருகிறது. அறிமுகம் விரும்புவோர் நூலின் இரண்டு பிரதிகளைத் தபாலில் அனுப்பி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கடந்த மூன்று வருடங்களில் நான் ஏழு நூல்களைப் பதிப்பித்திருக்கிறேன். அந்த ஏழில் எதற்கும் இரண்டு பிரதிகள் என்னிடம் இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாம் மின்நூல்கள்.

மூன்று தடவை மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தேன். நாலாம் தடவை தொலைபேசியில் எடுத்தேன். கதைத்தவர் பொறுமையாகத்தான் கதைத்தார். “அச்சில வரட்டும் தங்கச்சி, கட்டாயம் போடுவம்” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அச்சில் வராதது நூல் இல்லை என்று அவர் முடிவாக நினைத்திருந்தார். அந்த நினைப்பு அவருக்கு மட்டும் உரியதல்ல. அதனால்தான் அவருக்குத் தனியாக எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இருப்பது தருமபுரம். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு றோட்டால் வந்தால் விசுவமடுவுக்கு முன்னால் வரும். 2011 தொடக்கம் கிளிநொச்சி நகரில் ஓர் அச்சகத்தில் ரைப் அடித்தேன். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் எல்லாம் வரும். எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வருவது கல்வெட்டு, இறந்தவர் நினைவாக அடிக்கிற சிறு புத்தகம். கொரோனாக் காலத்தில் கடை வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. 2022 பங்குனியில் தாள் தட்டுப்பாடு வந்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதும், கொழும்பில் இரண்டு பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் கடையில் தாள் றீமின் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. முதலாளி ஆட்களைக் குறைத்தார். வைகாசியில் நான் வீட்டில் நின்றேன்.

அந்த நேரம்தான் எங்கள் ஊர் மாஸ்ரர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எனக்கு ஆறாம் ஆண்டில் தமிழ் படிப்பித்தவர். குளத்துக்கும் வயலுக்கும் உரிய வன்னிச் சொற்களை முப்பது வருடமாகச் சேர்த்தவர். துருசு, அலைகரை, வான் பாய்தல், புலவு, உப்பட்டி, சூடு வைத்தல், சூடு மிதித்தல், பொலி. ஒவ்வொரு சொல்லுக்கும் யார் சொன்னது, எந்தக் குளத்தடியில் சொன்னது என்று குறித்து வைத்திருப்பார். அவருடைய முதல் கையெழுத்துப் பிரதி நான்கு கொப்பிகள். 2008 கடைசியில் யுத்தத்துக்குத் தப்பி, அதையும் ஒரு உடுப்புப் பையையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று போய், மாத்தளனில் கொப்பிப் பை போய்விட்டது. எப்படிப் போனது என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. மெனிக் பாம் முகாமில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொப்பியில் ஞாபகத்தில் இருந்ததை முதலில் இருந்து திருப்பி எழுதினார். அதில் பழையதில் பாதி வருமா என்று அவருக்கே தெரியாது.

அந்தப் புத்தகத்துக்கு 2021 இல் எங்கள் அச்சகம் கொடுத்த கணக்கு, 128 பக்கம், 300 பிரதி, 68,000 ரூபா. மாஸ்ரர் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்துக்கொண்டு வந்தபோது அதே வேலை 182,000 ரூபா ஆகியிருந்தது.

“பிள்ளை, இந்தக் காசுக்கு ஒரு நல்ல மாடு வாங்கலாம். புத்தகம் வேண்டாம்” என்றார்.

“மாஸ்ரர், தாள் இல்லாமலே போடுவம்” என்று நான் சொன்னேன். சொல்லும்போது அதை எப்படிச் செய்வது என்பது எனக்கு அரைவாசிதான் தெரியும்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த அரைவாசியையும் மற்ற அரைவாசியையும் எழுதுகிறேன்.

மாஸ்ரர் ஒரு பென்ரைவும் தந்தார். 2015 இல் யாரோ அவருக்குப் பாதிப் புத்தகத்தைப் பாமினி என்ற எழுத்துருவில் ரைப் செய்து கொடுத்திருந்தார்கள். வடக்கில் அச்சகத்தில் வேலை செய்த எல்லோருடைய விரலிலும் பாமினிதான் இருக்கிறது. ஆனால் பாமினி தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மின்நூலுக்கு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிக்கோட் வேண்டும். மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்து பிழை திருத்தினேன்.

ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். பாமினியில் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் பலர் அரவுக்கு, அதாவது ‘ா’ என்ற காலுக்கு, மேல் குற்றுப் போட்டுவிடுவார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்து வருடம் நானும் அப்படித்தான் அடித்தேன், ஒருவரும் பிழை சொன்னதில்லை. யூனிக்கோட்டுக்கு மாற்றியதும் ‘அவர்’ என்பதன் கடைசி எழுத்து ‘ர்’ ஆக இராது, காலும் குற்றுமாக நிற்கும். கண்ணுக்குச் சரி. ஆனால் ‘நீர்’ என்று தேடினால் குளத்தைப் பற்றிய புத்தகத்தில் நீர் ஓரிடத்திலும் இல்லை என்று கணினி சொல்லும். சொல்லகராதி ஒன்றைத் தேட முடியாவிட்டால் அதை மின்நூல் ஆக்கி என்ன பயன்? ஔகாரமும் அப்படித்தான், ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து அடித்திருப்பார்கள். ‘எ’வுக்குப் பதிலாகத் தமிழ் இலக்கம் ஏழை அடித்தவர்களும் உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது முப்பத்தொரு பிழை வகை அதில் இருக்கிறது.

கொப்பியில் இருந்த மற்றப் பாதியைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றப் பார்த்தேன். கூகுள் அச்செழுத்தை ஓரளவு நன்றாகப் படிக்கிறது. மாஸ்ரருடைய கையெழுத்தை அதற்குப் படிக்கத் தெரியவில்லை. கையால்தான் அடித்தேன். ‘துருசு’ என்று அடித்தால் எழுத்துத் திருத்தி அதற்கடியில் சிவப்புக் கோடு போடும். ‘உப்பட்டி’க்கும் சிவப்புக் கோடு. இந்தச் சொற்களைச் சரி என்று ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மின்நூல் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். எங்கள் ஊர்ச் சொல் ஒன்று பிழை இல்லாத சொல் ஆகிறது.

பிறகு வடிவம். பெரும்பாலானவர்கள் மின்நூல் என்றால் பீடீஎஃப் என்று நினைக்கிறார்கள். அச்சுப் பக்கத்தின் அமைப்பை அப்படியே மாறாமல் வைத்திருப்பது அது. எங்கள் சனம் வாசிப்பது போனில். அதில் பக்கத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்து, வரி முடிந்ததும் திரும்பப் பின்னால் தள்ளி, மூன்றாம் பக்கத்தில் அலுத்துப்போய் மூடிவிடுவார்கள். ஈபப் என்ற வடிவம் திரையின் அகலத்துக்கு வரியைத் தானாக மடித்துத் தரும், வயதானவர்கள் எழுத்தைப் பெருப்பிக்கலாம். உள்ளே இருப்பது இணையப் பக்கங்களின் ஒரு கட்டு, அவ்வளவுதான். அதைச் செய்ய சிஜில், கலிபர், லிப்ரே ஓபிஸ் என்ற மூன்று மென்பொருளும் எனக்குப் போதும். மூன்றும் இலவசம், களவாக இறக்க வேண்டியதில்லை. ஸ்கான் செய்த புத்தகம் அறுபது எம்பி வரும், மாஸ்ரரின் ஈபப் ஒரு எம்பிக்கும் குறைவு. டேற்றாக் காட் போட்டுப் பாவிக்கிற வீட்டில் அது பெரிய விசயம். ஆனாலும் ஈபப்பை எப்படித் திறப்பது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இப்போது போன் திரை அளவுக்குச் சிறிய பக்கம், பெரிய எழுத்து என்று ஒரு பீடீஎஃபையும் சேர்த்தே கொடுக்கிறேன். படித்தவர்கள் இதைப் பிழை என்று சொல்லக்கூடும். வாசிக்கிறவருக்குத் திறந்தால் சரி என்பது என் எண்ணம்.

காசுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் மறைத்தால்தான் பிள்ளைகள் ஏமாறுவார்கள். மாஸ்ரரின் நூலை 350 ரூபாவுக்கு வைத்தேன். ஆறு மாதத்தில் 61 பேர் வாங்கினார்கள். 42 பேர் இலங்கையில், 19 பேர் வெளியில். வெளியில் உள்ளவர்கள் ஏறத்தாழ 1,500 ரூபாப்படி தந்தார்கள். மொத்தம் 43,200 ரூபா. அவருக்கு நூற்றுக்கு 60, எனக்கு 40. அதை முதலே ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்திருந்தோம். என் பங்கு 17,280 ரூபா, ஐந்து கிழமை வேலைக்கு. அந்த ஐந்து கிழமையும் கச்சான் பிடுங்கப் போயிருந்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

வெளிநாட்டுக் காசு வந்த வழியும் நேராக இல்லை. அந்த நேரம் பேபாலில் இங்கிருந்து காசு கட்டலாம், இங்கே காசு பெற முடியாது. சுவிஸில் இருக்கிற என் அக்கா எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்து ஒரேயடியாக அனுப்பினார். அக்கா இல்லாதவர்கள் இதைத் தொடங்கும்போது முதலில் இந்த வழியை யோசித்துக்கொள்ளட்டும். அமேசனின் கிண்டிலில் 2016 கடைசியில் இருந்து தமிழ் நூல்களையும் நாமே ஏற்றலாம், விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து நூற்றுக்கு 35 அல்லது 70 வீதம் எழுத்தாளருக்கு. இந்தியாவில் பலர் அப்படிச் செய்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை. என் வாசகர்கள் வட்ஸ்அப்பில் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்பீர்கள். கல்வெட்டால்தான்.

ஒருவர் மோசம் போய் முப்பத்தொராம் நாள் கொடுக்கிற புத்தகம். சிவபுராணம், பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மனைவி பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பல். அந்தியேட்டியில் வாங்கி, சாப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைப்போம். இப்போது பிள்ளைகளில் ஒருவர் இங்கே, மூவர் ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில். தபாலில் அனுப்புவதற்குள் ஆட்டத்திவசமே வந்துவிடும். தாள் விலை ஏறிய பிறகு இங்குள்ளவர்களுக்கு ஐம்பது அச்சுப் பிரதி, மற்ற எல்லோருக்கும் மின்பிரதி என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு கல்வெட்டுக்கு 15,000 ரூபா வாங்குகிறேன். மாதம் இரண்டு, சில மாதம் மூன்று. அதுதான் என் சம்பளம். நூல்கள் அதன் மேல் நிற்கின்றன.

கல்வெட்டை இலக்கியக்காரர்கள் புத்தகமாகக் கணக்கெடுப்பதில்லை. நான் அதோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் பகுதியில் காணி உறுதி போய், பிறப்பத்திரம் போய், கலியாணப் படம் போய் வந்த குடும்பங்கள் எத்தனை! பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரில் இருந்து வந்து எந்தக் குளத்தடியில் காடு வெட்டிக் குடியேறினான் என்று அவர்களிடம் எழுத்தில் இருப்பது கல்வெட்டு ஒன்றுதான். கடந்த வருடம் கல்மடுப் பக்கத்தில் ஒரு அம்மாவின் கல்வெட்டுக்குப் படம் கேட்டபோது வீட்டாரிடம் ஒன்றும் இல்லை. நோர்வேயில் இருந்த பெறாமகனிடம் 1994 இல் யாரோ அனுப்பிய ஒரே படம் இருந்தது. அதில் அந்த அம்மா ஓரத்தில் பாதி முகம்தான். அந்தப் பாதி முகம்தான் அட்டையில் போனது. அதைப் பார்த்துவிட்டு மூத்த மகள் போனில் அழுதுகொண்டு, “அம்மா இப்பிடித்தான் கதவு நிலையில சாய்ஞ்சு நிப்பா” என்றார்.

பெயர் வரிசை பிழைத்தால் அண்ணன் தம்பி கதைக்காமல் விட்ட குடும்பங்களும் உண்டு. அதனால் வேலை தொடங்க முன்னமே வீட்டில் ஒருவரை மட்டும் பொறுப்பாகக் கேட்டு, கடைசிப் பார்வையை அவரிடமே எழுத்தில் வாங்குவேன். இதைப் பழகிய பிறகுதான் நூல்களிலும் அதே ஒழுங்கைக் கொண்டுவந்தேன்.

இனிப் பகிர்தல் பற்றி. இதுதான் என்னை மிகவும் நோகடித்தது. இரண்டாவது நூல் முள்ளியவளைப் பக்கத்து ரீச்சர் ஒருவரின் கவிதைகள். வெளியாகி மூன்றாம் கிழமை விற்பனை அப்படியே நின்றுவிட்டது. சந்தையில் கண்ட ஒரு தம்பி சந்தோசமாக வந்து, “அக்கா, உங்கட புத்தகம் நல்லாயிருக்கு, எங்கட குறூப் எல்லாத்திலயும் போட்டிட்டன்” என்றார். நல்ல மனதோடு செய்தவரை நான் என்ன சொல்ல? ரீச்சருக்கு அன்றுவரை விற்பனையில் சேர்ந்தது நாலாயிரத்துச் சொச்சம். அதோடு சரி.

பூட்டுப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். பூட்டு, காசு கொடுத்து வாங்கியவரைத்தான் கஷ்டப்படுத்தும், அவர் போன் மாற்றினால் புத்தகம் திறக்காது. நான் வேறு வழி செய்தேன். இப்போது ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் வாங்கியவரின் பெயரையும் ஊரையும் போட்டு, ‘இந்தப் பிரதி இன்னாருக்காக’ என்று எழுதியே அனுப்புகிறேன். தன் பெயர் எழுதிய புத்தகத்தை ஆட்கள் இலேசில் குறூப்பில் போடுகிறார்கள் இல்லை. கேட்கிறவர்களை என்னிடம் அனுப்புகிறார்கள். மூன்றாவது நூல் நூற்றுக்கு மேல் போனது.

“நூலகத்தில எல்லாம் சும்மா கிடக்குதே, நீங்கள் ஏன் காசு வாங்குறியள்?” என்றும் கேட்கிறார்கள். நூலகம் நிறுவனம் 2005 இல் இருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேமித்து வைத்திராவிட்டால் நாங்கள் எத்தனையோ புத்தகங்களின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டோம். 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிந்ததை அறிந்த சனத்துக்கு அதன் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படிப் பலர் கூலி வாங்காமல் செய்த வேலை. அங்கே நடப்பது பாதுகாப்பு. உயிரோடு இருக்கிற ஒருவர் எழுதி, ஒருவர் அடித்து, ஒருவர் பிழை பார்த்த புதுப் புத்தகத்துக்கு விலை உண்டு. மாஸ்ரரின் நூலை வெளியாகி இரண்டு வருடம் கழிந்ததும் அவரே விரும்பி எல்லோரும் படிக்கக் கொடுத்துவிட்டார். அது அவருடைய முடிவு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இருக்கும்வரையும் அவருக்குப் பிறகு 70 வருடமும் உரிமை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதியவுடன் வருகிற உரிமை.

எங்களுக்கு அந்த ‘வாரிசு’ என்ற சொல்தான் கனமானது. யுத்தத்தில் இறந்த ஓர் எழுத்தாளரின் கதைகளைப் போட ஆசைப்பட்டு, அவருடைய நான்கு சகோதரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்க எட்டு மாதம் எடுத்தது. மூன்று பேர் மூன்று நாட்டில். நாலாமவர் இந்தியாவில் முகாமில். ஒருவர், “பழசைக் கிளற வேண்டாம்” என்று முதலில் மறுத்து, பிறகு ஒரு விடியப்புறம் தானாகவே கையெழுத்து வைத்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தக் கடிதங்கள் இல்லாமல் நான் போட்டிருந்தால் ஒருவரும் வழக்குப் போட வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் போட்டிருக்க மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தபடியே மின்நூல் போட்டு மாதம் இலட்சம் உழைக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. நானும் 18,000 ரூபா கட்டி நாலு ஞாயிறு சூமில் இருந்தேன். அங்கே சொல்லித்தந்தது, இணையத்தில் இருக்கிறதை எடுத்துச் சொல்லை மாற்றி மாதம் இருபது புத்தகம் ஏற்றுவது. மூன்றாம் ஞாயிறோடு விட்டுவிட்டேன், காசு திரும்பி வரவில்லை. அந்தக் காசுக்கு நல்ல அகராதி ஒன்றும் ஒரு வருட இணையச் செலவும் வந்திருக்கும்.

மற்றது, கடன் எடுக்க வேண்டாம். வங்கி ஒன்றில் கேட்டபோது, “பார்க்கிறதுக்கு ஒரு மெசினாவது இருந்தால்…” என்று இழுத்தார்கள். அன்று கவலைப்பட்டேன், இன்று நல்லதென்று நினைக்கிறேன். கிழமைக் கடன் எடுத்து எங்கள் ஒழுங்கையில் எத்தனை பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவள். பத்துப் பேர் சீட்டில் மூன்றாம் கழிவை எடுத்து 85,000 ரூபாவுக்குப் பாவித்த லப்ரொப் வாங்கினேன். அதுதான் முதல். மாரியில் இடி மின்னலுக்குக் கரண்ட் போகும், அதனால் எழுதியதை லப்ரொப்பிலும் பென்ரைவிலும் இணையத்திலும் என்று மூன்று இடத்தில் வைப்பேன். மாஸ்ரரின் கொப்பிப் பையை நினைத்தால் மூன்றும் போதாது போல் இருக்கும். அக்காவுக்கும் ஒன்று அனுப்புவேன்.

பிரதேச செயலகத்தில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு தொழிலின் பெயரைப் பதிந்திருக்கிறேன். கொழும்பில் உள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண் எடுக்கிறேன். 978க்கு அடுத்து 955 அல்லது இப்போது 624 என்று வரும் எங்கள் நாட்டு எண்கள் மின்நூலுக்கும் உண்டு. அச்சு நூலுக்கு ஒன்று, மின்நூலுக்கு வேறொன்று என்பது அதன் விதி. அந்த எண்ணைக் கொடுக்கிறவர்களுக்கு இது நூல். சட்டத்துக்கு இது நூல்.

மாஸ்ரருக்கும் ஒரு நாள் இது நூலாகத் தெரியவில்லை. வேலை முடிந்து போனில் திறந்து காட்டியபோது தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவருடைய சொற்கள், அவருடைய குளங்கள், கனகாம்பிகைக்குளத்தில் தொடங்கி முத்தையன்கட்டு வரை. பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கு பிள்ளை. ஆனா என்ர கையில ஒண்டும் இல்லையே” என்றார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் பக்கத்தில் புத்தகம் என்றால் பொது நோக்கு மண்டபத்தில் விளக்கேற்றி, முதற்பிரதி கொடுத்து, சிறப்புப் பிரதிக்குப் பெயர் வாசித்து, வந்தவர்கள் கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து வாங்கிப் போவது. அச்சுச் செலவில் பெரும்பங்கு அந்த உறைகளில்தான் திரும்பி வரும். எழுதியவருக்கு ஊர் மரியாதை செய்வதும் அன்றைக்குத்தான். நான் அதைப் பறித்துவிட்டேன் என்று பட்டது.

அதனால் ரீச்சரின் நூலில் இருந்து ஓர் ஒழுங்கு. கலியாணக் காட் மட்டையில், இரண்டாக மடித்த அட்டை ஒன்று அடிக்கிறேன். வெளியே நூலின் அட்டைப்படம், உள்ளே ஒரு கவிதை, ஆசிரியர் கையெழுத்துப் போட இடம், போனைக் காட்டினால் நூலை இறக்கித் தருகிற கியூஆர் கட்டம். நூறு அட்டை. விளக்கேற்றினோம், முதற்பிரதி கொடுத்தோம், உறைகளும் வந்தன. மண்டபத்துக்கு வந்த பிள்ளைகள் வயதானவர்களின் போனில் இறக்கிக் கொடுத்தார்கள். மாஸ்ரருக்கும் பிந்தி அப்படி அட்டை அடித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், கண்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். அந்தப் பெட்டிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மின்நூல் என்றால் இந்த மின்னஞ்சலுக்கு அனுப்பலாம் என்று. நல்ல நூல் இல்லை என்றால் போட வேண்டாம், பிழை இருந்தால் எழுதுங்கள். ஆனால் வாசித்துவிட்டு எழுதுங்கள். ரீச்சருடைய கவிதைகளை உங்கள் பத்திரிகையில் பார்த்தால் வாங்குகிற ஆட்கள் துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் மன்னாரிலும் இருக்கிறார்கள். அவர்களை எட்ட எனக்கு வேறு வழி இல்லை. வட்ஸ்அப் குறூப்பில் எனக்குத் தெரிந்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

திரையில் வாசிப்பது உங்கள் விமர்சகர்களுக்குக் கஷ்டம் என்றால் சொல்லுங்கள். அந்த நூலை மட்டும் பக்கத்தில் உள்ள கடையில் பிறின்ற் எடுத்து, நூலால் கட்டி, இரண்டு பிரதிகள் தபாலில் அனுப்புகிறேன். அடுத்தது ஆடியில் வருகிறது, வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போன ஒருவரின் ஐம்பது வருட நினைவுகள். 94 பக்கம். தபாற் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
மின்நூல் பதிப்பிக்கும் ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.